பூவை எடு என்று சொன்ன வாய்

…சரி, வேறு எப்படித்தான் சொல்லியிருக்க முடியும்? விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிர வை என்று சொல்ல ஒரு சொல் இருக்கிறது, அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்லக் கூடாது, பானை நிறைஞ்சிருக்கு என்றால் வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார், போறேன் என்று சொல்லக் கூடாது, வாரேன் என்றாலே போகிறார் என்றுதான் அர்த்தம், இத்தனைக்கும் சுற்றுவழி வைத்திருக்கிற தமிழில் தலையிலிருந்து பூவை எடுக்கச் சொல்ல மட்டும் ஒரு சுற்றுவழி இல்லாமல் போனது யாருடைய குற்றம், மீனாளுடைய குற்றமா? குற்றம்தான்… வார்த்தை கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே, யார் இவளைப் பேசச் சொன்னது? பித்தளைத் தாம்பாளத்தில் புளியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே மீனாள் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள், தாம்பாளம் எப்போதோ பளபளத்துவிட்டது, கைதான் நிற்கவில்லை. பதினொரு மணிக்கு விருந்தாளிகள் பஸ் வந்துவிடும், பதினான்கு வெளிநாட்டுப் பெண்கள், அவர்களுடைய ஆண்கள் ஒன்பது பேர், வாசலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் பொட்டு வைத்துத் தலையில் பூ வைத்து உள்ளே கூட்டிப்போக வேண்டும், கீழச்சிவல்பட்டியில் இந்தப் பெரிய வீட்டை ஹோட்டலாக்கிய ஆறு வருஷமாக மீனாளின் வேலை இதுதான். ஊரில் உள்ள தலைக்கெல்லாம் பூ வைக்கிற வேலையில் இருந்துகொண்டு, தங்கச்சி தலையில் இருக்கிற பூவை எடுக்கச் சொல்லியிருக்கிறாள், நல்ல அக்கா.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சாமான் வைக்கிற பாண்டிரி அறை இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள், ஒற்றை டிக், வெள்ளிக்கிழமையிலிருந்து அனுப்பிய பதினோரு செய்திக்கும் ஒற்றை டிக், அந்த இரண்டாவது டிக் விழுந்தால்தான் தங்கச்சி விசாலியின் போனுக்குப் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம், இரண்டும் நீலமானால் அவள் பார்த்துவிட்டாள். ரங்கூனில் இப்போது என்ன மணி, நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால், பத்தே முக்கால். புதன்கிழமை… புதன்கிழமையென்றால் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிற நாள், ஏழு பிள்ளைகள், பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டு மாடியில், பட்டாளம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று சொன்னவர்களின் பிள்ளைகள், நாலு வருஷத்துக்கு முன்பு பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் வேலையை உதறிவிட்டு வெளியே வந்த வாத்தியார்களில் விசாலியும் ஒருத்தி… நாலா, மூன்றரையா, பிப்ரவரியில் ஆரம்பித்தது, மூன்றரைதான். பாலத்தடியில் ஒரு தடுப்பு இருக்கும், பையைப் பார்ப்பார்கள், போனைப் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பைத் தடை செய்திருப்பதால் அங்கே ஜனங்கள் திருட்டு வழியாகத்தான் அதைத் திறக்கிறார்கள், அந்த வழி போனில் இருப்பது தெரிந்தால் அப்படியே வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று விசாலி ஒரு தடவை ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். ஒற்றை டிக் என்றால் நெட் இல்லையா, கோபமா, இல்லை… அந்த மூன்றாவதை மீனாள் நினைக்கவில்லை, இழுப்பறையை மூடினாள்.

என்ன உறவு என்று கேட்டால் சொல்லி முடிக்கவே ஒரு காப்பி ஆறிவிடும். மீனாளின் தாத்தாவும் விசாலியின் தாத்தாவும் ஒக்கூர்க்காரர்கள், கூடப்பிறந்த அண்ணன் தம்பி, ஜப்பான் சண்டைக்கு முன்னால் தச்சு வேலைக்கென்று ஒரே கப்பலில் ரங்கூன் போனார்கள், அண்ணன் திரும்பி வந்து மீனாளுக்குத் தாத்தா ஆனார், தம்பி வரவில்லை, அவ்வளவுதான், எண்பது வருஷம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் ஒரு நாள் ஃபேஸ்புக்கில் ஒரு செய்தி, 'ஒக்கூர் எனும் ஊரைச் சார்ந்தவர்கள் அன்புகூர்ந்து மறுமொழி தருக' என்று, யாரோ தமிழ்ப் பண்டிதர் போலிருக்கிறதே என்று பயந்துகொண்டேதான் மீனாள் 'நான் ஒக்கூர்தான், நீங்க யாரு' என்று போட்டாள். போட்டவள் விசாலி, ரங்கூன் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எழுத்தில் அப்படி இருக்கும், வாயைத் திறந்தால் அவள் தாத்தா கப்பலில் கொண்டுபோன தமிழ் அப்படியே வரும், இங்குட்டு அங்குட்டு என்பாள், வாங்கக்கா என்று சொல்ல மாட்டாள், வாரீகளா என்பாள், விமானத்துக்கு ஆகாசக் கப்பல் என்பாள், ஆகாசக் கப்பல்ல வந்தோம்க்கா என்று திருச்சி ஏர்போர்ட் வாசலில் நின்று அவள் சொன்னபோது டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்த்தார். மீனாளுக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது, நாற்பது வயதில் ஆகாசக் கப்பலில் ஒன்று வந்து இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது… எப்போதும் போல் வெள்ளிக்கிழமை சாயங்காலப் பேச்சுத்தான், மாமியாருக்குக் கண் சுத்தமாகத் தெரியவில்லை, கத்திரிக்காய் விலை, பிள்ளைகள் பின்னக் கணக்கில் தடுமாறுகிறார்கள் என்றெல்லாம் போய்க்கொண்டிருந்த பேச்சில் மீனாள்தான் அதை எடுத்தாள். வருகிற புதன் என்ன நாளென்று அவளுக்குத் தெரியும், போன வருஷம் தெரியாது, செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டாள், பட்டாளத்துக்காரர்கள் ஆட்சியைப் பறித்துச் சிறை வைத்திருக்கிற அந்தத் தலைவியம்மாவுக்குப் பிறந்தநாள், அவர் எப்போதும் தலையில் பூவோடு இருப்பவராம், அதனால் அன்றைக்கு ஜனங்கள் ஒரு பூவை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பார்கள், கொடி கிடையாது, கோஷம் கிடையாது, பேசாமல் பூவோடு நடப்பார்கள். போன வருஷம் பூ வைத்தவர்களைப் பிடித்தார்கள், பூ விற்றவர்களைப் பிடித்தார்கள், கையில் பூ வைத்திருந்தவர்களைக்கூடப் பிடித்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்குப் பூவைப் பார்த்து என்னடா பயம் என்று மீனாள் அன்றைக்கு டிவியைப் பார்த்துக் கேட்டது உண்டு. ஆனால் விசாலியைப் பற்றிய கவலை என்று வந்ததும் இவளுக்கும் அதே பயம்தான் வந்தது. 'விசாலி, நான் சொல்றதைக் கேளு, புதன்கிழமை ஒரு நாளு மட்டும் தலையில இருக்க பூவை எடுத்துரு' என்றாள். கேக்குதா, கேக்குதா என்று மீனாள் இரண்டு தரம் கேட்டாள். 'என்னக்கா சொல்லிட்டீக' என்றது விசாலியின் குரல், அவ்வளவு மெதுவாக அவள் பேசி மீனாள் கேட்டதே இல்லை, லைன் போய்விட்டது.

வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி சத்தம், பூக்காரி முத்தழகு வந்துவிட்டாள், கூடையைத் தூக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். 'என்ன மீனா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, அண்ணன் வேலைக்குப் போகலையா?' மீனாளின் வீட்டுக்காரர் வைரவன் புதுவயல் ரைஸ்மில்லில் ஃபிட்டர், அவர் லீவு போட்டால் மீனாளின் முகம் மாறும் என்பது முத்தழகுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே தெரியும். 'அவுக போயிட்டாக, தூக்கம் சரியில்ல' என்றாள் மீனாள், எல்லாவற்றையும் இவளிடம் கொட்டிவிட்டால் என்ன, கொட்டினால் இவள் வண்டியோடு சேர்ந்து திருப்பத்தூர் வரைக்கும் போகும். பதினைந்து துண்டு எண்ணி வாங்கினாள், ஒரு சாண் துண்டு, நெருக்கித் தொடுத்த மல்லிகை, இன்னும் மொட்டு விரியவில்லை, பதினொரு மணிக்குச் சரியாக வாய் திறக்கும், முத்தழகு அப்படிக் கணக்காகத்தான் கட்டுவாள். 'நேத்து ரெண்டு முழம் மீந்து போச்சு மீனா, யாரும் கேக்கல, சரின்னு பூவைச் சாமிக்கு வச்சுட்டேன்' என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தாள் அவள். மீனாள் கூடையும் கையுமாக அப்படியே நின்றாள். பூவைச் சாமிக்கு வச்சுட்டேன்… அட பாவி, இருக்கிறதே! அன்னிக்கு ஒரு நாளு பூவைச் சாமிக்கு வச்சிரு விசாலி, இப்படிச் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன குறை வந்திருக்கும், தலைப் பூ சாமிக்குப் போனால் அதில் ஒரு அமங்கலமும் இல்லையே, தினமும் வாயில் புழங்குகிற வார்த்தை, வேண்டிய நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டது? ஐந்து நாளாகத் தேடிய வார்த்தையை ஒரு பூக்காரி டிவிஎஸ் ஃபிப்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறாள்.

ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்து, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, 'விசாலி, அக்கா சொன்னது தப்பு, எடுக்க வேணாம்டி, சாமிக்கு வச்சிரு, ஒரு நாளு சாமிக்கு வச்சிரு, அத்தைக்கிட்டயும் அப்புடியே சொல்லு' என்று பதிவு செய்து அனுப்பினாள். ஒற்றை டிக். பன்னிரண்டாவது ஒற்றை டிக். அத்தைக்கிட்ட சொல்லு என்று ஏன் சொன்னாள் என்றால் விவகாரமே அந்த அத்தையால்தான், விசாலியின் மாமியார், அவள் வீட்டுக்காரர் சத்தியமூர்த்தியைப் பெற்றவர். சத்தியமூர்த்தி… அந்த மனுஷனை நினைத்தால் மீனாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும், கணக்கு வாத்தியார், புருஷனும் பெண்சாதியுமாக வந்து பதினோரு நாள் தங்கியிருந்தபோது தெருமுனை நாய்க்குப் பயந்து வைரவனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் டீக்கடைக்குப் போவார், நாய் இவரைப் பார்த்தால் எழுந்துகூட நிற்காது, இவர் வைரவனுக்கு அந்தப் பக்கம் ஒளிவார். வெள்ளைப் பணியாரம் பதினாறு சாப்பிட்டார், எண்ணினேன், பதினாறு இரட்டைப்படை, நாலுக்கு நாலு சதுரம், நிறுத்த நல்ல இடம் என்றார். விசாலி பதிலுக்கு அவர்கள் ஊர் மொகிங்கா வைத்தாள், என்ன தாயி, மீன் குழம்புல இடியாப்பத்தைப் போட்டிருக்கே என்று வைரவன் கேட்டுக்கொண்டே மூன்று கிண்ணம் காலி செய்தார். நாய்க்குப் பயந்த அந்த மனுஷன் பட்டாளத்துக்குப் பயப்படவில்லை, அதுதான் மீனாளுக்கு இன்றுவரை விளங்காதது, பட்டாளம் வேண்டாம் என்று ஊரோடு சேர்ந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஜன்னலில் நின்று தட்டைத் தட்டினார், வேலைக்கு வா என்று மூன்று கடிதம் வந்தது, மூன்றின் பின்பக்கத்திலும் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு மாசி மாதம் அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கப் போனவர் வரவில்லை, வண்டியில் ஏற்றினார்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார், அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்று ஸ்டேஷனில் சொன்னார்கள், இருபத்தெட்டு மாதம்.

இருபத்தெட்டு மாதமாக அந்த அம்மா காலையில் எழுந்து குளித்துவிட்டு, கண் தெரியாமல் விரலாலேயே தடவித் தடவி ஒரு முழம் பூத் தொடுத்து, விசாலியைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் கையால் தலையில் வைக்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை, மகன் பேரை எடுப்பதில்லை, பூ வைக்கிறார், அவ்வளவுதான், என் மகன் இருக்கிறான் என்பதை அந்த வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். தெருவிலுள்ள தமிழ்ப் பொம்பளைகள் முதல் வருஷம் பாவம் என்றார்களாம், இரண்டாம் வருஷம் இன்னுமா என்று பார்த்தார்களாம், இப்போது பார்ப்பதே இல்லையாம், அக்கா இந்தத் தெருவுல நானு பூ வச்சா அவுகளுக்குப் பிடிக்கல, அந்த ஒரு நாளு பூ வச்சா இவனுகளுக்குப் பிடிக்கல, என் தலையில வைக்கிற பூவுக்கு எம்புட்டுப் பேரு கணக்குக் கேக்குறாக பாருங்க, என்று விசாலியே சொல்லிச் சிரித்தது உண்டு. இங்குட்டு வந்துரு, அத்தையையும் கூட்டிக்கிட்டு வந்துரு என்று மீனாள் எத்தனையோ தரம் கூப்பிட்டாயிற்று. அவுக வந்து பார்க்கையில வீடு பூட்டிக் கெடந்தா என்னக்கா பண்ணுவாக, எதுத்த வீட்டுல நாய் வேற இருக்கு, என்றாள். அந்தத் தலையிலிருந்து பூவை எடுக்கச் சொல்வது என்றால் என்ன அர்த்தம், அவர் இல்லை என்று அர்த்தம், அந்த அம்மாவிடம் போய் உன் மகன் இல்லை என்று சொல்லு என்று அர்த்தம், பட்டாளம்கூட அந்த வீட்டில் அதைச் சொல்லவில்லையே, அப்படி ஒரு ஆளே இல்லை என்றுதானே சொன்னது. கூடப்பிறந்தவள் மாதிரி என்று சொல்லிக்கொள்கிற மீனாள்தான் சொன்னாள். நல்லதுக்குத்தானே சொன்னேன், என்று மீனாள் குங்குமச் சிமிழிடம் சொன்னாள்.

'மீனாக்கா, வண்டி வந்துருச்சு, இங்குட்டு வந்து நில்லுங்க' என்று மேனேஜர் சிந்து கூப்பிட்டாள், இருபத்தாறு வயது, காரைக்குடிப் பெண், கோட்டுப் போட்டிருப்பாள், விருந்தாளி முன்னால் மீனாள் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பது ஒப்பந்தம், மீனாள் எப்போதும் சிந்தும்மா என்று ஆரம்பித்து மேடம் என்று முடிப்பாள். வந்தார்கள், வியர்த்துச் சிவந்து, தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, முகப்பில் ஏறும்போதே தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், பர்மா டீக் என்று சிந்து சொல்ல, பர்மா, பர்மா என்று அவர்களுக்குள் ஒரு சுற்று ஓடியது. ஆமாம், மரமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, ஆள்தான் அங்கே நின்றுபோனார்… குனியுங்கள் அம்மா, இப்படி. முதல் பெண் நல்ல உயரம், மீனாள் எக்கிப் பூவைச் சொருகினாள், இரண்டாவது பெண்ணுக்குக் கத்தரித்த முடி, ஊசி நிற்கவில்லை, காதுக்கு மேல் மடக்கி வைத்ததும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்து ஓ என்றார், மூன்றாவது பெண்ணுக்கு வயது எழுபது இருக்கும், வைத்த பூவைத் தொட்டுக்கொண்டு மீனாளின் கையைப் பிடித்தபடி ஏதோ கேட்டார், நீளமாக, அக்கறையாக. சிந்து சொன்னாள், 'மீனாக்கா, பூ வச்சுக்கிட்டா என்ன அர்த்தம்னு கேக்குறாக.' என்ன அர்த்தம்… என்ன அர்த்தமென்று சொல்வது, வீட்டுக்காரர் இருக்கிறார் என்று அர்த்தம், எங்கே இருக்கிறார் என்று கேட்கக் கூடாது, உங்களைப் பிடிக்கவில்லை போங்கடா என்று அர்த்தம், மாமியார் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், இதே பூவை இதே நேரத்தில் ஒரு இடத்தில் வைத்தால் வண்டியில் ஏற்றுவார்கள், இன்னொரு இடத்தில் நான் தாம்பாளத்தில் வைத்து எல்லார் தலைக்கும் இனாமாக வைக்கிறேன், உங்களுக்கு எந்த அர்த்தம் வேண்டும் அம்மா? 'அழகா இருக்கும்னு சொல்லும்மா… மேடம்' என்றாள் மீனாள். சிந்து அதை ஆங்கிலத்தில் சொன்னபோது எழுபது வயதுப் பெண் சந்தோஷமாகச் சிரித்தார், மீனாளும் சிரித்தாள், கை அடுத்த துண்டுக்குப் போய்விட்டது.

பதினான்காவது பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்று கையை ஆட்டினார், தும்மல் வருமாம். வேண்டாம் என்றால் வேண்டாம், எவ்வளவு லேசாகச் சொல்கிறார், அவர் வேண்டாம் என்றால் தும்மல் என்றுதான் அர்த்தம், வேறு ஒன்றும் இல்லை, அப்படி ஒரு வேண்டாம் விசாலிக்குக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தும்மல்காரரை மீனாள் குறை சொல்லக் கூடாது, இவளுக்கும் மல்லிகை ஆகாது, வைத்த பத்தாவது நிமிஷம் நெற்றிப்பொட்டில் தலைவலி ஆரம்பித்துவிடும், வெள்ளிக்கிழமை மட்டும் பேருக்கு இரண்டு கண்ணி கனகாம்பரம், பூ வைக்கிறவள் தலையில் பூ இல்லையே என்று சிந்துகூடக் கேட்டிருக்கிறாள். தாம்பாளத்தில் மீதி இரண்டு துண்டு, ஒன்று எண்ணிக்கைக்கு மேல் வாங்கியது, ஒன்று தும்மல்காரருடையது. எல்லாரையும் பானகம் குடிக்க உள்கட்டுக்கு அனுப்பிவிட்டு மீனாள் பாண்டிரி அறைக்குப் போனாள், இழுப்பறையைத் திறக்கும் முன்பே உள்ளே போன் உறுமுகிற சத்தம். பன்னிரண்டு செய்திக்கும் இரண்டு டிக், நீலம் இல்லை, சாம்பல் நிறத்தில் இரண்டு இரண்டாக, கீழே விசாலியிடமிருந்து ஒரு குரல் பதிவு. கை வழுக்கி இரண்டு தரம் தப்பாக அமுக்கி மூன்றாம் தரம்தான் அது பேசியது.

'அக்கா, நான்தான். இப்ப இங்க மணி ஏழு. நாலு நாளா நெட்டு செத்துக் கெடக்கு, இது ஒங்களுக்கு எப்ப வந்து சேருமோ தெரியல, சேரும்போது சேரட்டும்னு பேசி வைக்கிறேன். அன்னிக்கு லைன் தானாப் போகல, நான்தான் கட் பண்ணேன். கோவம்க்கா. ரெண்டு நாளு அழுதேன், மூணாம் நாளு நெனச்சுப் பார்த்தேன், என்னையப் பிடிச்சுட்டுப் போயிருவாகளோன்னு பயந்து வாயில வந்ததைச் சொல்றதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா? நீங்கதானே இருக்கீக. சரி, அதை விடுங்க, இதைக் கேளுங்க. காலையில அத்தை பூவோட வந்து நின்னாக. இன்னிக்கு நானே வச்சுக்கிறேன் அத்தைன்னு கையில வாங்கி, சடையை அவுத்துக் கொண்டை போட்டு, பூவைக் கொண்டைக்குள்ள வச்சு மேல முடியைச் சுத்தி ஊசி குத்திட்டேன். வெளியில ஒரு இதழு தெரியாது. அத்தை தடவிப் பார்த்தாக, பூவைக் காணோமேன்னாக, அப்புறம் குனிஞ்சு மோந்து பார்த்தாக, ம், இருக்குன்னுட்டுப் போயிட்டாக. அத்தைக்கு வச்ச மாதிரியும் ஆச்சு, அவனுகளுக்கு வைக்காத மாதிரியும் ஆச்சு, எப்புடி? சிரிக்கிறீகளா? அவுக இருந்தா இதுக்கும் ஒரு கணக்குச் சொல்லுவாக. பாடத்துக்குக் கெளம்புறேன், புள்ளைக காத்துக்கிட்டு இருக்கும். போனை வீட்டுலயே வச்சிட்டுப் போறேன், தடுப்புல நோண்டுவானுக. வந்து பேசுறேன். போயிட்டு வாரேன்க்கா.'

சிரித்தாள், மீனாள் சிரித்தேவிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு பாண்டிரிச் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, கழுதை, என்ன புத்தி இதற்கு, எடுக்கவும் இல்லை, காட்டவும் இல்லை, ஐந்து நாளாக நான் ஒரு சொல்லுக்கு அலைகிறேன், இவள் ஒரு கொண்டை ஊசியில் முடித்துவிட்டாள். இன்னொரு தரம் கேட்டாள், சிரிக்கிறீகளா என்கிற இடம் வரும்போது சிரிக்கிறேன்டி என்று போனிடமே சொன்னாள். கோபம் இல்லை, அவ்வளவு போதும், கோபம் இல்லை… ஏழு மணிக்குப் பேசி வைத்தது, போன் வீட்டில் கிடக்கிறது, நெட் வந்ததும் அது தானாகக் கிளம்பி வந்திருக்கிறது, அதனால்தான் இரண்டு டிக், அதனால்தான் நீலம் இல்லை, இப்போது அங்கே பன்னிரண்டரை, பாடம் முடிந்து பாலத்தைத் தாண்டித் திரும்புகிற நேரம், திரும்பியிருப்பாள், கை கால் கழுவிக்கொண்டிருப்பாள், இதோ இப்போது போனை எடுப்பாள். தாம்பாளத்தில் இரண்டு துண்டுப் பூவும் வாய் திறந்து கிடந்தது. மீனாள் ஒன்றை எடுத்துப் பிள்ளையார் மாடத்தில் வைத்தாள், இது நான் சொல்லியிருக்க வேண்டியது, இன்னொன்றை எடுத்து, என்ன தோன்றியதோ, தன் கொண்டையை அவிழ்த்து நடுவில் வைத்து, முடியைச் சுற்றி மூடி, இரண்டு பக்கமும் ஊசி குத்தினாள், தலைவலி வந்தால் வரட்டும், விசாலிக்கு ஒரு துணை. ஸ்டீல் அலமாரிக் கதவில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள், உண்மைதான், ஒரு இதழ் தெரியவில்லை, கெட்டிக்காரி.

பானகத் தட்டை எடுத்துக்கொண்டு உள்கட்டுக்குப் போனபோது நடையெல்லாம் லேசாக இருந்தது. பதினான்கில் பதின்மூன்று பேர் தலையில் பூவோடு கிணற்றடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், சிந்து மட்டும் தனியாக முற்றத்துக்கு அந்தப் பக்கம் தூணோரம் நின்று ஏதோ பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், மீனாள் இந்தப் பக்கத் தாழ்வாரத்தில் தட்டோடு வந்து நின்றாள், நடுவில் முற்றம், நாலைந்து ஆள் படுக்கலாம் அவ்வளவு இடம், ஆனிக் காற்று மேலே ஓட்டில் தட்டி உள்ளே இறங்கியது. சிந்து பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினாள், மூக்கை இழுத்தாள், கிணற்றடிக் கூட்டம் தூரத்தில் இருப்பதை ஒரு தரம் பார்த்துவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். 'மீனாக்கா, இன்னிக்குப் பூ வச்சிருக்கீகளா என்ன? வாசம் இங்குட்டு வரைக்கும் வருது, ஆனா தலையில ஒண்ணையும் காணோம்' என்றாள், சிரித்துக்கொண்டே.

மீனாளும் சிரிப்பதற்குத்தான் வாயைத் திறந்தாள். குனிஞ்சு மோந்து பார்த்தாக, ம், இருக்குன்னுட்டுப் போயிட்டாக… கண் தெரியாத அந்த அம்மாவுக்குத் தெரிந்தது, முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற சிந்துவுக்குத் தெரிகிறது, தடுப்பில் பையைத் திறந்து காட்டச் சொல்கிறவன் எவ்வளவு தூரத்தில் நிற்பான், ஒரு கை தூரமா, இரண்டு கையா? 'இல்லம்மா, தாம்பாளத்துல தொட்ட கை' என்றாள், பொய் சொன்னதும் சிந்து நம்பிவிட்டாள், பட்டியலுக்குத் திரும்பிவிட்டாள், நம்புகிறவர்களிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம். நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்துவிட்டது. எழுபது வயதுப் பெண் பானகம் எடுத்துக்கொண்டு ஏதோ சொன்னார், மீனாள் தலையை ஆட்டினாள், காற்று மறுபடி இறங்கி அவள் முதுகுப் பக்கமிருந்து முற்றத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. அங்கே, பாலத்தடியில், இந்நேரம் காற்று எந்தப் பக்கமாக அடிக்கிறதோ.